பள்ளிக்கூடத்து வாள்கள்

அன்புத் தம்பிக்கு,

வாள் என்றால் உன் கண் முதலில் போவது பொன் பூசிய கைப்பிடிக்கும் பளபளக்கும் அலகுக்கும்தான். அதில் தவறில்லை. ஆனால் ஐரோப்பாவில் வாள் வீசக் கற்றவர்கள் பெரும்பாலும் கையில் பிடித்திருந்தது அதையல்ல. அவர்கள் நாள்தோறும் பிடித்தது கூரில்லாத, அலங்காரமில்லாத ஒரு பயிற்சி வாளை. 16ஆம் நூற்றாண்டின் ஜெர்மானியப் பள்ளிகளில் புழங்கிய அந்த வாள்களில் சில இன்றும் இருக்கின்றன. சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரிலுள்ள தேசிய அருங்காட்சியகத்திலும், நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திலும் அவற்றைப் பார்க்கலாம். இன்று வாள்வீச்சுக்காரர்கள் அதை ஃபெடர்ஷ்வெர்ட் என்கிறார்கள்.

விவரம் தெரியாதவர் பார்த்தால், கொல்லர் பாதியில் விட்டுப்போன வாள் என்றே நினைப்பார். இரண்டு கையாலும் பிடிக்கும்படி நீண்ட பிடி, அடியில் குமிழ், மேலே நேரான குறுக்குக் கம்பி. இதுவரை எல்லாம் வழக்கம்போலத்தான். குறுக்குக் கம்பியைத் தாண்டியதும் இரும்பு திடீரென்று மூன்று நான்கு விரல் அகலத்துக்குச் சிறு கேடயம் போல விரிகிறது. அங்கிருந்து சட்டென்று ஒடுங்கி, விரலகல அலகாக நீண்டு, மழுங்கிய நுனியில் முடிகிறது. நிறுத்திவைத்தால் வளர்ந்த ஆளின் நெஞ்சுயரம் வரும். எடை ஒன்றரைக் கிலோவை ஒட்டியது.

இந்த விசித்திர உருவத்தின் காரணத்தைப் புரிந்துகொண்டால் பாதிப் பாடம் முடிந்தது. உண்மையான நெடுவாளைக் கூர் மழுக்கி மாணவர் கையில் கொடுத்தால் அது அறுக்காது. ஆனால் எலும்பை உடைக்கும். அதனால் அலகைச் சன்னமாக்கினார்கள். சன்னமானால் குத்துப் பட்டதும் வளையும், அடியின் வேகமும் தணியும். ஆனால் அப்படி இளைத்த வாள் கையில் காற்றாக இருக்கும். அதில் பழகியவர் நிஜ வாளை எடுத்ததும் தடுமாறுவார். ஆகவே அலகில் குறைத்த இரும்பைக் கைப்பக்கம் அந்த விரிந்த பகுதியில் சேர்த்தார்கள். மொத்த எடை குறையவில்லை. எதிராளியின் தலையைத் தொடும் முனை மட்டும் இலகுவானது. எதிரி வாள் சறுக்கிக்கொண்டு இறங்கினால் விரல்களுக்கு முன் அந்த அகலம் நிற்கும் என்பது கூடுதல் பலன்.

அந்தப் பள்ளிகளில் முகமூடி கிடையாது. கம்பிவலை முகக்கவசம் பரவியது 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்குப் பிறகே. அக்காலப் படங்களில் வெறுந்தலையோடு, சாதாரண உடுப்பில்தான் நிற்கிறார்கள். ஆளுக்குப் பாதுகாப்பு எதுவும் இல்லாதபோது, பாதுகாப்பை வாளுக்குள்ளேயே வைத்து அடித்திருக்கிறார்கள்! கூடப் பயிலும் தோழனின் கண்ணையும் பல்லையும் எண்ணிப்பார்த்துச் செய்த இரும்பு அது. ராஜாக்களின் வாளைவிட இதை உயர்வாக மதிக்கும்படி உன்னிடம் நான் சொல்வது அதனால்தான்.

வாளைப் போலவே விதிகளும் இருந்தன. நகரமன்றத்தின் அனுமதியோடு பொதுமக்கள் முன் நடந்த போட்டிகளில், நுனியால் குத்துவது, குமிழால் இடிப்பது, கையை முறிப்பது, கண்ணைத் தோண்டுவது, கல்லெறிவது எல்லாம் தடை என்று அறிவிப்பார்கள். கல்லெறியைக்கூடத் தடுக்க வேண்டியிருந்தது என்றால் கூட்டம் எப்படிப்பட்டது என்று நீயே ஊகித்துக்கொள். வெற்றி தோல்வியைத் தீர்மானித்தது தலைக்காயம். உயரமான இடத்தில் ரத்தம் வரவைத்தவருக்கே பரிசு. மொண்ணை வாள் என்பதால் வலிக்காத விளையாட்டு என்று எண்ணிவிடாதே.

களம் இறங்கியவர்கள் பிரபுக்கள் மட்டுமல்ல. தோல் பதனிடுபவர், கத்தி செய்பவர் போன்ற கைத்தொழிலாளர்கள் ஏராளம். புனித மாற்குவின் பெயரால் அமைந்த வாள்வீச்சுச் சங்கத்துக்குப் பேரரசர் மூன்றாம் ஃபிரடெரிக் 1487இல் உரிமைப் பட்டயம் தந்தார். ஆசான் பட்டம் வேண்டுபவர் ஃபிராங்ஃபர்ட் சந்தைக் காலத்தில் அங்கே போய்ச் சோதனைக்கு நிற்க வேண்டும். போட்டிச் சங்கமான ஃபெடர்ஃபெக்டருக்கு 1607இல் பேரரசர் இரண்டாம் ருடால்ஃப் பட்டயம் கொடுத்தார்.

இவர்களில் நீ அறிய வேண்டிய ஒருவர் யோவாக்கிம் மேயர். பாசலில் பிறந்து ஸ்ட்ராஸ்பர்க்கில் குடியேறிய கத்தித் தொழிலாளி. 1570இல் அவர் வெளியிட்ட வாள்வீச்சு நூலின் மரச்செதுக்குப் படங்களில் இதே விரிந்த அடிப்பகுதியுள்ள வாள்கள் வரிசையாக வருகின்றன. அருங்காட்சியகத்து இரும்பும் அச்சான படமும் ஒன்றையொன்று சாட்சி சொல்கின்றன. அந்த நூலுக்காகப் பட்ட கடனை அடைக்க, மேயர் ஷ்வெரின் அரண்மனையில் வேலை ஒப்புக்கொண்டு குளிர்காலத்தில் பயணப்பட்டார். போய்ச் சேர்ந்த சில நாளிலேயே, 1571இல், இறந்துபோனார். பிறர் கற்க இவ்வளவு உழைத்தவருக்கு நேர்ந்த இந்த முடிவை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

இந்த வாள்கள் ஏன் இவ்வளவு அரிது? பயன்பட்டதால்தான். அடிபட்டு அடிபட்டு விளிம்பு சொரசொரப்பாகும், அலகு முறியும், பழைய இரும்பாகக் கொல்லர் உலைக்குத் திரும்பும். பொக்கிஷ அறையில் வைக்க யாருக்கும் தோன்றாது. பள்ளிகளில் டுஸாக் என்ற வளைந்த மரவாளும் இருந்தது. ஒரு கையால் பிடிக்கும் ஆயுதங்களுக்கெல்லாம் அதுவே அடிப்படை என்று மேயர் கற்பித்தார். மரத்துக்கு நேரும் கதி உனக்குத் தெரியும்.

கடந்த சில பத்தாண்டுகளாக ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பழைய நூல்களைப் படித்து நெடுவாள் பயில்கிறவர்கள் பெருகியிருக்கிறார்கள். அவர்கள் வீசும் எஃகு வாள்களுக்கு மாதிரி இந்த எஞ்சிய சில பழைய வாள்களே. முகமூடியும் தடித்த கையுறையும் இல்லாமல் இன்று பெரும்பாலும் யாரும் களத்தில் இறங்குவதில்லை.

மேயரின் படங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. முன்னால் நிற்கும் இருவரோடு நின்றுவிடாதே. பின்னால் சிறிதாகப் பயிலும் ஜோடிகளையும் பார். ஒவ்வொருவர் கால் எங்கே நிற்கிறது, வாள் எந்தப் பக்கமிருந்து கிளம்புகிறது என்று குறித்துக்கொண்டு எனக்கு எழுது.

அன்புடன்,
அக்கா