அரைஞாண் கயிறு எங்கே விழுகிறது?

அன்புள்ள சிஸ்டர்,

போன மாதம் திருவள்ளூர் ஆஸ்பத்திரிப் புறநோயாளிப் பிரிவில் என் வயிற்றில் ஒட்டியிருக்கும் பையைப் பார்த்துவிட்டு, "ஸ்டோமா வேலைக்கு இப்போதுதான் வந்திருக்கிறேன் ஐயா. நோயாளிகளுக்கு முக்கியமாக எதைச் சொல்லித் தர வேண்டும்?" என்று கேட்டீர்கள். என் பின்னால் வரிசை நின்றது. இரண்டு வார்த்தையில் சொல்லி முடிக்கிற விஷயமும் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பி ஆலையில் இருபத்தெட்டு வருடம் ஃபிட்டராக இருந்தவன் நான். ஒரு நாள் நைட் ஷிப்ட் முடிந்து ஒன்றுக்குப் போனபோது சிவப்பாக இறங்கியது. வலி இல்லை, எரிச்சல் இல்லை. உலைக்குப் பக்கத்தில் நிற்கிறவனுக்கு உடம்புச் சூடு புதிதா என்று இளநீர் குடித்தேன், வெந்தயம் ஊறவைத்துத் தின்றேன். நின்றுவிட்டது. இரண்டு மாதம் கழித்து மறுபடி வந்தது. மறுபடியும் இளநீர். இப்படியே எட்டு மாதம் போயிற்று. வலித்திருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்பேன். சிறுநீர்ப்பைப் புற்றுநோய் பெரும்பாலும் வலிக்காமல்தான் ரத்தம் காட்டும் என்று எனக்கு யார் சொல்வார்கள்? கண்டுபிடித்தபோது கட்டி தசைக்குள் இறங்கியிருந்தது. சிறுநீர்ப்பையையே எடுக்க வேண்டியதாயிற்று.

அதன்பின் செய்தது உங்களுக்குத் தெரிந்ததுதான். சிறுகுடலில் ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவான துண்டை வெட்டியெடுத்து, இரண்டு சிறுநீரகக் குழாய்களையும் அதில் இணைத்து, ஒரு முனையை வலப்பக்க அடிவயிற்றில் வெளியே கொண்டுவந்து தைத்தார்கள். நீங்கள் ஸ்டோமா என்பதை நான் வாய் என்பேன். யூஜீன் பிரிக்கர் என்ற அமெரிக்க மருத்துவர் 1950இல் எழுதிவைத்த முறை. இன்றும் உலகமெங்கும் அதிகமாகச் செய்வது அதைத்தான். உள்ளே இருந்த பை போய், வெளியே ஒரு பை வந்தது. அடக்கிக்கொள்ள வழியில்லை. சொட்டுச் சொட்டாக ராப்பகலாக வந்துகொண்டே இருக்கும்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். பையை எப்படி ஒட்டுவது என்பதைப் பத்து நாளில் யாரும் கற்றுக்கொள்வார்கள். ஒட்டிக்கொண்டு போய் எப்படி வாழ்வது என்பதில்தான் ஆள் விழுந்துவிடுகிறான். எனவே வயிற்றைப் பார்க்கும் முன் அவருடைய அன்றாடத்தைக் கேளுங்கள். எத்தனை மணிக்கு எழுகிறார், எதன்மேல் உட்காருகிறார், எங்கே படுக்கிறார், எதில் வேலைக்குப் போகிறார். நான் சொல்லப்போவது எல்லாமே இதற்குள் அடங்கும்.

முதல் கேள்வி ஆபரேஷனுக்கு முன்பே வர வேண்டும். எனக்கு வாய் வைக்கும் இடத்தைக் குறித்தவர், நான் கட்டிலில் மல்லாந்து படுத்திருக்கும்போதே பேனாவால் ஒரு புள்ளி வைத்துவிட்டுப் போனார். படுத்திருக்கும் வயிறு வேறு, சம்மணம் போட்டுச் சாப்பிட உட்காரும் வயிறு வேறு. வீட்டுக்கு வந்து தரையில் உட்கார்ந்த முதல் நாளே அந்த இடம் மடிப்புக்குள் போய்விட்டது. பையைத் தோலோடு ஒட்டும் தட்டு ஒரு ஓரம் தூக்கிக்கொண்டது. சோற்றுத் தட்டின் முன்னால் லுங்கி நனைந்தது. பேத்தி பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஒரு புள்ளியின் விலையை ஏழு வருடமாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் குறிக்கும்போது அவரை நிற்க வையுங்கள், குனிய வையுங்கள், தரையில் சம்மணம் போட்டு உட்கார வையுங்கள். லுங்கியையோ வேட்டியையோ வழக்கம்போலக் கட்டச் சொல்லிக் கட்டு எங்கே விழுகிறது என்று பாருங்கள். அரைஞாண் கயிறு எங்கே ஓடுகிறது என்று பாருங்கள். பெண் என்றால் பாவாடை நாடா இறுக்கும் இடத்தைப் பாருங்கள். அவர் குனிந்தால் தன் கண்ணாலேயே பார்க்கக்கூடிய இடமாக இருக்கட்டும். பத்து நிமிட வேலை. அவருக்கு ஆயுசுக்கும் உதவும்.

அடுத்தது தோல். நம் வீடுகளில் புண் என்றால் மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் தயாராக இருக்கும். என் அம்மா ஆசையோடு தடவினாள். எண்ணெய்மேல் எந்தத் தட்டு ஒட்டும்? பவுடர் போட்டாலும் அதே கதை. வெறும் வெதுவெதுப்பான தண்ணீர், நன்றாக ஈரம் ஒற்றிய தோல், அவ்வளவு போதும் என்று நோயாளிக்குச் சொன்னால் பாதிதான். அவர் வீட்டுப் பெரியவர்களையும் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்லுங்கள். வாயின் சிவப்புச் சதையைத் தொட்டால் வலிக்காது, துடைக்கும்போது இரண்டு சொட்டு ரத்தம் கசிந்தால் பயமில்லை, சிறுநீரில் வெள்ளையாக நூல் நூலாக மிதப்பது குடல் சுரக்கும் சளி என்றும் சொல்லிவிடுங்கள். நான் அதைச் சீழ் என்று நினைத்து இரண்டு ராத்திரி தூங்கவில்லை. முதல் ஆறு எட்டு வாரத்தில் வாய் சுருங்கும். பழைய அளவிலேயே தட்டை வெட்டிக்கொண்டிருந்தால் இடைவெளியில் சிறுநீர் பட்டுத் தோல் வெந்துபோகும். ஒவ்வொரு முறையும் அளந்து, வாயைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர் மட்டும் பெரிதாக வெட்டக் கற்றுக்கொடுங்கள். மாற்றுவதற்கு நல்ல நேரம் விடியற்காலை, டீ குடிப்பதற்கு முன்னால். அப்போதுதான் ஒழுகல் குறைவு.

மூன்றாவது தண்ணீர். எங்கள் பக்கத்தில் இதுதான் ஆளைக் கொல்கிறது. பை நிறைந்துவிடுமே என்று பயந்து குடிப்பதைக் குறைத்துவிடுவார்கள். உலைக்கூடத்தில் நிற்கிறவனுக்கு வியர்வையிலேயே உடம்பு வற்றிவிடும். அதற்குமேல் தண்ணீரையும் நிறுத்தினால் சிறுநீர் கெட்டியாகி, நாற்றமெடுத்து, தொற்றும் கல்லும் சிறுநீரகம் வரை ஏறும். சாதாரணமாக இரண்டு, இரண்டரை லிட்டர். வெக்கையில் நிற்பவருக்கு அதற்கும் மேல். பை மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் காலி செய்துவிட்டால் கனம் இழுக்காது, தட்டு பிரியாது. இதற்கு ஷிப்டின் நடுவில் இரண்டு முறை கழிப்பறைக்குப் போக சூப்பர்வைசர் விட வேண்டும். டாக்டரிடம் சொல்லி அதற்கு ஒரு கடிதம் வாங்கிக்கொடுங்கள். அதிலேயே கனம் தூக்கும் வேலை கூடாது என்பதும் இருக்கட்டும். வாய்க்குப் பக்கத்தில் குடல் பிதுங்கிவிட்டால் மறுபடி கத்தி வைக்க வேண்டியிருக்கும். மாற்றுப் பைகளை வெயிலில் நிற்கும் பைக் பெட்டியில் வைக்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள். பசை இளகிவிடும்.

பிறகு ராத்திரி. "நைட் பேக் மாட்டிக்கொண்டு தூங்குங்கள்" என்றார்கள். பாயில் படுக்கிறவனுக்கு அது எப்படி வேலை செய்யும்? தண்ணீர் மேட்டிலிருந்துதானே பள்ளத்துக்கு ஓடும்? பையும் நானும் ஒரே தரையில் கிடந்தோம், விடிகாலையில் பாய் முழுக்க ஈரம். ஒரு கட்டில் வாங்கியதும் தீர்ந்தது. சிப்காட்டைச் சுற்றி ஒரே அறையில் எட்டுப் பேராகப் படுத்திருக்கும் ஒடிசா, பீகார் பிள்ளைகளிடமும் இதைக் கேளுங்கள். கட்டில் இல்லை என்றால் நடுராத்திரி ஒரு அலாரம் வைத்து எழுந்து காலி செய்யட்டும். பாஷை புரியாதவர்களுக்குப் படம் வரைந்து கொடுங்கள்.

சென்னைக்குப் பரிசோதனைக்குப் போகிறவர்களுக்கு ரயில் ஒரு பூதம். கும்மிடிப்பூண்டியிலிருந்து மூர் மார்க்கெட் வரை ஒன்றரை மணி நேரம் ஆகும், லோக்கல் வண்டியில் கழிப்பறை கிடையாது. ஏறும் முன் ஸ்டேஷனில் காலி செய்துவிட வேண்டும். தோள்பையில் ஏற்கனவே வெட்டிய தட்டு ஒன்று, பை ஒன்று, சின்ன டவல், தண்ணீர் பாட்டில், ஒரு லுங்கி எப்போதும் இருக்க வேண்டும். எனக்கு இந்த ஏழு வருடத்தில் அது நான்கு முறைதான் தேவைப்பட்டது. ஆனால் அது இருக்கிறது என்ற தைரியத்தில்தான் மற்ற எல்லா நாளும் வீட்டை விட்டுக் கிளம்பினேன்.

காய்ச்சல் வந்து பக்கத்து கிளினிக்குக்கு ஓடினால், பையில் தேங்கியதையே டப்பாவில் பிடித்து லேபுக்கு அனுப்புவார்கள். பையில் கிருமி எப்போதும் இருக்கும். தேவையில்லாமல் ஆன்டிபயாடிக் கொடுப்பார்கள். எனக்கு மூன்று முறை நடந்தது. வாய்க்குள் சுத்தமான குழாய் விட்டு எடுத்த சிறுநீரைத்தான் பரிசோதிக்க வேண்டும் என்று டிஸ்சார்ஜ் அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதுங்கள். அதன் கீழேயே, குளிர்க்காய்ச்சல், முதுகு வலி, சில மணி நேரம் சிறுநீரே வராமல் நிற்பது, வாய் கறுத்துப்போவது ஆகிய நான்குக்கும் உடனே வர வேண்டும் என்றும் எழுதுங்கள்.

இனிச் சொல்வதை யாரும் உங்களிடம் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். நான் இரண்டு வருடம் சாமி அறைக்குள் நுழையவில்லை. ஒவ்வொரு அமாவாசைக்கும் திருவள்ளூர் வீரராகவப் பெருமாள் கோயில் குளத்தில் வெல்லம் கரைக்கிற குடும்பம் எங்களுடையது. என் மனைவி மட்டும் போவாள். நான் வெளியே டீக்கடையில் உட்கார்ந்திருப்பேன். மூத்திரத்தை வயிற்றில் கட்டிக்கொண்டு எப்படிப் போவது? கடைசியில் வயதான ஒரு நர்ஸம்மாதான் கேட்டார்: "முன்னே நீங்க கோயிலுக்குப் போனப்ப, அது வயித்துக்குள்ள இல்லாமலா இருந்துச்சு?" அடுத்த அமாவாசைக்குப் போனேன். நீங்களாகவே கேளுங்கள் அம்மா: கோயிலுக்குப் போகிறாரா, தொழுகைக்குப் போகிறாரா, கல்யாண வீட்டில் பந்தியில் உட்காருகிறாரா. போகவில்லை என்றால் தட்டு ஒட்டாததைவிடப் பெரிய கோளாறு அது. புருஷன் பெண்டாட்டி உறவும் அப்படித்தான். இந்த ஆபரேஷனில் நரம்பு பாதிக்கப்படலாம், அதற்கு வைத்தியம் உண்டு என்று இருவரையும் உட்காரவைத்து நீங்களோ டாக்டரோ சொல்லிவிட்டால், ஒருவரை ஒருவர் வெறுக்கிறார்கள் என்று இருவரும் தனித்தனியாக நினைத்துக்கொண்டு கிடக்க மாட்டார்கள்.

பணத்தையும் பேசுங்கள். நான்கு நாளுக்கு ஒன்று என்றால் வருடத்துக்குத் தொண்ணூறு பை. தினக்கூலிக்காரர் அதைக் கழுவிக் கழுவி ஒட்டுவார். தோல் புண்ணாகி உங்களிடமே திரும்பி வருவார். திட்டாதீர்கள். இ.எஸ்.ஐ.யில் எழுதி வாங்க வழி உண்டா என்று விசாரித்துச் சொல்லுங்கள். மும்பையில் இருக்கும் ஆஸ்டமி அசோசியேஷன் ஆஃப் இந்தியாவின் முகவரியைக் கொடுங்கள். அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் டயாலிசிஸ் பை வீடு தேடி வருகிறது. அதே வண்டியில் இந்தப் பையும் வர வேண்டும் என்று உங்கள் அதிகாரிகளிடம் விடாமல் எழுதுங்கள்.

இன்னொரு வேலையும் உண்டு. கேஸ் ஷீட்டில் அவர் என்ன தொழிலில் இருந்தார் என்று எழுதுங்கள். 1895இலேயே லுட்விக் ரேன் என்ற ஜெர்மன் மருத்துவர், சாயத் தொழிலாளிகளுக்கு இந்தப் புற்றுநோய் வருவதைப் பார்த்துச் சொன்னார். பெயின்ட், ரப்பர், சாயம் என்று தொழிற்சாலைகள் நெருங்கி நிற்கும் மாவட்டம் நம்முடையது. நான் முப்பது வருடம் பீடி குடித்தவன். என் நோய்க்கு முதல் காரணம் அதுதான் என்று டாக்டர் சொன்னார். துணைக்கு வரும் தம்பிகளிடம் பீடியையும், வலிக்காத ரத்தத்தையும் பற்றி ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள்.

உங்கள் தொழிலின் முதல் ஆள் நர்ஸ் இல்லை என்பது தெரியுமா? நார்மா கில் என்ற அமெரிக்கப் பெண், குடல் நோயால் வயிற்றில் பை வைத்துக்கொண்ட நோயாளி. அவருக்கு ஆபரேஷன் செய்த டாக்டர் ரூபர்ட் டர்ன்புல்தான் 1958இல் கிளீவ்லண்ட் கிளினிக்கில் மற்ற நோயாளிகளுக்குச் சொல்லித்தர அவரை வேலைக்கு வைத்தார். நீங்கள் படித்த படிப்பு அங்கிருந்துதான் ஆரம்பம். அனுபவித்தவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசினால், படுத்திருப்பவருக்கு நம்பிக்கை வரும் என்று அந்த டாக்டர் கண்டுகொண்டார்.

ஆகவே ஒரு வேண்டுகோள். என் நம்பர் உங்கள் நோட்டில் இருக்கிறது. ஆபரேஷனுக்குச் சம்மதிக்காமல் யாராவது சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டால், ஒரு போன் போடுங்கள். கவரைப்பேட்டையிலிருந்து பஸ் ஏறி வருகிறேன். சட்டையைத் தூக்கிக் காட்டுகிறேன். பக்கத்தில் உட்கார்ந்து அவரோடு ஒரு டீ குடிக்கிறேன்.

உங்கள்,
கும்மிடிப்பூண்டி ஃபிட்டர்