வினிகரில் ஊறிய இரும்பு: மரத்துக்குக் கருநிறம் ஏற்றும் முறை

மழையில் நனைந்து கிடக்கும் பழைய கதவில் ஆணி அடித்த இடத்தைச் சுற்றிக் கருவளையம் ஒன்று படிந்திருக்கும். துருவுக்குரிய செம்பழுப்பு அங்கே குறைவு, நீலம் கலந்த கறுப்புதான் அதிகம். ஆணியிலிருந்து கரைந்த இரும்பும் மரத்திலுள்ள துவர்ப்புப் பொருளான டானினும் சேர்ந்ததால் வந்த நிறம் அது. அதையே பலகை முழுவதும் சீராக வரவைப்பதுதான் இந்த வேலை. ஐரோப்பியத் தச்சர்கள் பேரி மரத்தை இப்படிக் கறுக்க வைத்து, கருங்காலிக்கு மாற்றாகப் பயன்படுத்தினார்கள்.

இந்தக் கறுப்பு புட்டியிலிருந்து வருவதில்லை. இரும்புக் கரைசல் பார்க்க வெளிறிய சாம்பலாகவோ இளம்பச்சையாகவோதான் இருக்கும். மரத்தில் டானின் எவ்வளவு உண்டோ அவ்வளவுக்குத்தான் நிறம் ஏறும். ஓக், வால்நட் மரங்கள் தாமாகவே கறுக்கும். பைன், ரப்பர் மரம் போன்றவை வெறும் சாம்பல் நிறத்தில் நின்றுவிடும். அவற்றுக்குத் துவர்ப்பை நாம்தான் ஊட்ட வேண்டும். அதற்கு நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் கடுக்காயே போதும். காளஹஸ்தி கலம்காரிக் கலைஞர்கள் துணியைக் கடுக்காயில் தோய்த்து, இரும்பும் வெல்லமும் ஊறிய நீரால் கறுப்புக் கோடு இழுப்பதும் இதே கணக்கில்தான்.

எந்த அமிலம்?

இரும்பைக் கரைக்க வினிகர் மட்டும் போதும். பதினெட்டாம் நூற்றாண்டு அமெரிக்கத் துப்பாக்கித் தச்சர்கள் நைட்ரிக் அமிலத்தில் இரும்பைக் கரைத்து மேப்பிள் கட்டையில் பூசி, சூடு காட்டிச் செம்பழுப்பு நிறம் வரவைத்தார்கள். அழகான நிறம்தான். ஆனால் அமிலம் இரும்பைக் கரைக்கும்போது எழும் பழுப்புப் புகை நுரையீரலைத் தாக்கும். சுவாசித்தவர் நன்றாக இருப்பதுபோல் தோன்றி, பல மணி நேரம் கழித்து மூச்சுத் திணறலில் விழக்கூடும். வீட்டில் செய்யக்கூடிய வேலை அல்ல. கழிவறை கழுவும் ஆசிட்டும் வேண்டாம். அதன் ஆவி பட்டறையிலுள்ள உளி, இழைப்புளி எல்லாவற்றையும் துருப்பிடிக்க வைத்துவிடும்.

தேவையானவை

- வெள்ளை வினிகர், அரை லிட்டர்
- ஸ்டீல் வுல் 10 கிராம், அல்லது பூச்சில்லாத இரும்பு ஆணிகள் ஒரு கைப்பிடி
- கடுக்காய்த் தூள், 50 கிராம்
- கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் ஜாடி
- ஸ்பாஞ்சு அல்லது நைலான் பிரஷ், இரண்டு
- 120, 180, 220 எண் உப்புத்தாள்
- ரப்பர் கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி, தூசு முகக்கவசம்

பாத்திரம் தேய்க்கும் கம்பி நார் பெரும்பாலும் துருப்பிடிக்காத எஃகு. வினிகரில் மாதக்கணக்கில் போட்டாலும் சரியாகக் கரையாது. காந்தத்தை வைத்துப் பார்ப்பதும் உதவாது, அந்த எஃகில் சில வகை காந்தத்தில் ஒட்டும். நனைத்து ஓர் இரவு வெளியே வையுங்கள். துருப்பிடித்தால்தான் நமக்கு ஆகும். துத்தநாகம் பூசிய ஆணியும் கூடாது.

கரைசல் தயாரிப்பு

1. ஸ்டீல் வுல்லில் எண்ணெய்ப் பூச்சு இருக்கும். பாத்திரம் கழுவும் சோப்பால் அலசிப் பிழியுங்கள்.

2. பிய்த்து ஜாடியில் போட்டு வினிகரை ஊற்றுங்கள். சிறு குமிழிகள் எழும். அது ஹைட்ரஜன், தீப்பிடிக்கும் வாயு. மூடியை இறுக்காமல், துணி கட்டி, அடுப்பு, பூஜை விளக்கு இல்லாத காற்றோட்டமான இடத்தில் வையுங்கள்.

3. இரண்டு நாள் முதல் ஒரு வாரத்தில் இரும்பு பெரும்பாலும் கரைந்துவிடும். மெல்லிய துணியை நாலாக மடித்து வடிகட்டுங்கள்.

4. கடுக்காய்த் தூளை ஒரு லிட்டர் தண்ணீரில் கால் மணி நேரம் கொதிக்கவிட்டு, ஆறியதும் வடிகட்டுங்கள். கடுக்காய் கிடைக்காவிட்டால் பால் சேர்க்காத கடுந்தேநீர்.

பூசும் முறை

1. 120-இல் தொடங்கி 220 வரை ரேகை ஓடும் திசையிலேயே தேயுங்கள். பசை சிந்திய இடத்தில் நிறம் ஏறாது. இப்போதே சுரண்டி எடுத்துவிடுங்கள்.

2. ஈரத்துணியால் பலகை முழுவதும் துடைத்துக் காயவிடுங்கள். மரநார் சிலிர்த்து நிற்கும். 220-ஆல் லேசாக ஒரு தடவை தேய்த்தால், பின்னால் நிறம் பூசும்போது சொரசொரப்பு வராது.

3. கடுக்காய்ச் சாற்றைத் தாராளமாகப் பூசி முழுவதும் காயவிடுங்கள்.

4. வேறு பிரஷ்ஷால் இரும்புக் கரைசலைப் பூசுங்கள். பிரஷ் போன வழியில் முதலில் வெறும் ஈரம்தான் தெரியும். சில நொடியில் சாம்பல் படரும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஊதாவாகி, கறுப்பாகும். நடுவில் நிறுத்தாமல் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை போய்விடுங்கள். நின்றால் அந்த இடத்தில் கோடு விழும்.

5. காய்ந்ததும் மறுபடி ஒரு கை கடுக்காய்ச் சாறு. மிச்சமிருக்கும் இரும்பை அது பிடித்துக்கொள்ளும். இரவு முழுதும் விடுங்கள். காற்றுப் பட்டுத்தான் நிறம் முழுமையடையும்.

6. மறுநாள் ஈரத்துணியால் மேலே நிற்கும் கறுப்புப் பொடியைத் துடையுங்கள். மரம் கரிப்பலகைபோல் மங்கித் தெரியும், கவலை வேண்டாம். ஷெல்லாக் பாலிஷோ ஆளி விதை எண்ணெயோ ஏறியதும் நிறம் ஆழமாகிவிடும்.

பிரஷ்களை மாற்றிவிடாதீர்கள். கடுக்காய் பட்ட பிரஷ் இரும்பு ஜாடிக்குள் போனால் கறுப்பு மரத்தில் ஏறாமல் ஜாடியிலேயே உருவாகி அடியில் தங்கிவிடும். கீல், திருகு எல்லாம் பாலிஷ் முடிந்த பிறகுதான்.

கோளாறுகளும் தீர்வும்

துரு நிறம் தெரிந்தால் இரும்பு கூடிவிட்டது என்று பொருள். கடுக்காய் இன்னொரு கை கொடுங்கள். சாம்பலோடு நின்றால் கடுக்காயும் இரும்பும் மாற்றி மாற்றி இன்னொரு சுற்று. நிறம் அதிகமாகிவிட்டால் குறைப்பது கடினம். அதனால் முதல் பூச்சுக்குக் கரைசலில் சம அளவு தண்ணீர் கலப்பது நல்லது. ஒட்டுப்பலகையின் மேல்தாள் மெல்லியது, நிறம் ஏறிய பிறகு தேய்த்தால் வெள்ளை தெரிந்துவிடும்.

பாதுகாப்பு

வினிகர் மென்மையான அமிலம் என்றாலும் கண்ணில் பட்டால் தண்ணீரால் கால் மணி நேரம் கழுவி, மருத்துவரிடம் போக வேண்டும். இரும்புக் கரைசல் குழந்தைகளுக்கு நஞ்சு. குளிர்பானப் புட்டியில் ஊற்றவே கூடாது. பெயர் எழுதி ஒட்டி, எட்டாத உயரத்தில் வையுங்கள். காய்கறி நறுக்கும் பலகை, கரண்டி போன்றவற்றில் இந்த நிறம் வேண்டாம். பளிங்குத் தரையை வினிகர் அரிக்கும். கீழே தார்பாய் விரித்துக்கொள்ளுங்கள்.

ஸ்டீல் வுல் ஒரு பொறி பட்டாலே எரியும். பேட்டரியோடு சேர்த்து வைக்காதீர்கள். ஆளி விதை எண்ணெய் தோய்ந்த துணியைக் கசக்கிப் போட்டால் அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து, விரித்துக் காயவைத்த பிறகு அப்புறப்படுத்துங்கள். மிஞ்சிய கரைசலில் நுரை நிற்கும்வரை சமையல் சோடா போட்டு, நிறையத் தண்ணீர் கலந்து சாக்கடையில் விடலாம்.

தேக்கிலேயே இரண்டு பலகை இரண்டு விதமாகக் கறுக்கும். எனவே, செய்யும் சாமானிலிருந்து அறுத்த துண்டிலேயே முதலில் பூசி, பாலிஷ் வரை முடித்துப் பாருங்கள். கடுக்காய் எத்தனை கை, இரும்பு எத்தனை கை, தண்ணீர் எவ்வளவு என்று அதன் பின்புறம் பென்சிலால் எழுதிவையுங்கள். அடுத்த வேலைக்கு அந்தத் துண்டைவிட நல்ல அளவுக் குறிப்பு கிடையாது.