குஞ்சுகளுக்குக் குண்டு பல்புக்குப் பதில் வெப்பப் பாய்

மாசி, பங்குனி, சித்திரை மாதங்களில் காவிரிப் படுகைக் கிராமங்களில் நாட்டுக்கோழிக்கு நல்ல கிராக்கி இருக்கும். குலதெய்வ வழிபாடு, காதுகுத்து, கோயில் திருவிழா ஆகியவை சம்பா அறுவடை முடிந்து கையில் காசு புழங்கும் அந்தக் காலத்தில்தான் அதிகம். நாட்டுக்கோழி ஒன்றேகால் கிலோ எடைக்கு வர ஏறக்குறைய ஐந்து மாதம் பிடிக்கும். ஆகவே அந்த விற்பனையைக் குறிவைக்கும் சிறு விவசாயி, ஒரு நாள் வயதுக் குஞ்சுகளை ஐப்பசியில் வாங்கியாக வேண்டும். ஐப்பசியோ அடைமழைக் காலம். கூரை ஒழுகும், ஈரக்காற்று வீசும், மின்சாரம் நினைத்தபோது போகும். முதல் மூன்று வாரங்களில் சாகும் குஞ்சுகளின் எண்ணிக்கைதான் ஐந்து மாதம் கழித்துக் கிடைக்கும் லாபத்தைத் தீர்மானிக்கிறது.

பிறந்த குஞ்சின் மேல் இருப்பது இறகு அல்ல, வெறும் தூவி. தன் உடல் சூட்டைத் தானே காத்துக்கொள்ளும் சக்தி அதற்கு முதல் பத்துப் பன்னிரண்டு நாட்களுக்குச் சரிவர இராது. முதல் வாரத்தில் அதற்கு 95 டிகிரி ஃபாரன்ஹீட் அளவுக்கு வெப்பம் தேவை. பிறகு வாரத்துக்கு 5 டிகிரி வீதம் குறைத்துக்கொண்டு வரலாம். தஞ்சைப் பகுதியில் மழைக்கால இரவுகளில் வெப்பம் 75 டிகிரியை ஒட்டியும், மார்கழி, தை மாதங்களில் 70 டிகிரியை ஒட்டியும் இருக்கும். நமக்கு அது இதமான குளிர்; குஞ்சுக்கு அது உயிருக்கே ஆபத்து. குளிர் தாக்கிய குஞ்சு தீவனம் எடுக்காது. வயிற்றில் எஞ்சியுள்ள மஞ்சள் கரு சரிவரச் செரிக்காது. பின்புறத்தில் எச்சம் ஒட்டிக்கொள்ளும். குளிருக்குப் பயந்து ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும்போது அடியில் சிக்கியவை மூச்சுத் திணறி, காலையில் தட்டையாகிக் கிடக்கும்.

அடைக்கோழி இருந்தால் இந்தக் கவலை எதுவும் இல்லை. பத்துப் பன்னிரண்டு குஞ்சுகளை அது தன் இறக்கைக்குள் வைத்தே காப்பாற்றிவிடும். வாங்கி வந்த குஞ்சுகளைக்கூட இரவு நேரத்தில் அடைக்கோழியின் அடியில் மெதுவாகச் செருகிவிட்டால், பெரும்பாலும் காலையில் தன் குஞ்சாகவே ஏற்றுக்கொள்ளும். ஆனால் ஒரு கோழி குஞ்சுகளோடு திரியும் ஆறு, எட்டு வாரங்கள் வரை முட்டையிடாது. மேலும் ஒரே சமயத்தில் இருபது, ஐம்பது என்று வாங்குவோருக்கு அடைக்கோழி போதாது. அதனால்தான் செயற்கை அடைகாப்பு தேவைப்படுகிறது.

இதற்குப் பல்லாண்டுகளாக இருந்துவரும் முறை, ஒரு பழைய கூடையையோ தகர மூடியையோ கவிழ்த்து, அதனுள் குண்டு பல்பைத் தொங்கவிடுவது. குஞ்சுக்கு 1 முதல் 2 வாட் வரை என்று கணக்கு. எளிய முறைதான், தவறான முறையும் அல்ல. ஆனால் டெல்டா விவசாயியின் கொட்டகையில் அதற்கு மூன்று இடைஞ்சல்கள் உண்டு.

முதலாவது தீ. கீற்றுக் கூரை, பக்கத்தில் வைக்கோல் போர், தரையில் உமி. இவற்றின் நடுவே மணிக்கணக்கில் எரிந்து கொதிக்கும் பல்பு. கட்டிய கயிறு அறுந்தோ, பூனை பாய்ந்தோ பல்பு உமியில் விழுந்தால் முதலில் புகையும், பிறகு பற்றிக்கொள்ளும். கூரை ஒழுகி ஒரு சொட்டு நீர் பட்டாலே சூடான கண்ணாடி வெடித்துவிடும். மேல்நாடுகளிலும் கோழிக் கொட்டகைத் தீ விபத்துகளுக்கு வெப்ப விளக்குகள் ஒரு முக்கிய காரணம் என்பதால், சிறு அளவில் வளர்ப்போர் பலர் விளக்கைக் கைவிட்டு வெப்பப் பாய்க்கும் வெப்பத் தட்டுக்கும் மாறியுள்ளனர்.

இரண்டாவது, குண்டு பல்பு இப்போது எளிதில் கிடைப்பதில்லை. 2015இல் மத்திய அரசின் உஜாலா திட்டம் தொடங்கியபின் வீடுகளில் எல்.இ.டி. பல்பு பரவிவிட்டது, கடைக்காரர்களும் குண்டு பல்பு வாங்கி வைப்பது குறைந்துவிட்டது. விவரம் அறியாத சிலர் எல்.இ.டி. பல்பைத் தொங்கவிட்டு, வெளிச்சம் நன்றாக இருக்கிறது, குஞ்சு ஏன் சாகிறது என்று திகைக்கிறார்கள். குண்டு பல்பு மின்சாரத்தில் பெரும்பகுதியை வெப்பமாகவே வெளியிட்டது. அந்தக் குறைதான் குஞ்சுகளுக்கு நன்மையாக இருந்தது. எல்.இ.டி. பல்பின் வெளிச்சத்தில் குஞ்சுக்குப் போதுமான வெப்பம் இல்லை.

மூன்றாவது, விளக்கு இரவு முழுவதும் எரிய வேண்டும். கடும் வெளிச்சத்தில் குஞ்சுகள் ஒன்றையொன்று கொத்தும் பழக்கம் அதிகமாகும். தூக்கமும் கெடும்.

தாய்க்கோழி செய்வது

தாய்க்கோழி கொட்டகையைச் சூடாக்குவதில்லை. குஞ்சின் முதுகை மட்டும் தன் வயிற்றோடு சேர்த்துச் சூடாக்குகிறது. குளிர்ந்தால் குஞ்சு உள்ளே போகிறது. சூடேறியதும் வெளியே வந்து மேய்கிறது. எவ்வளவு வெப்பம் வேண்டும் என்பதைக் குஞ்சே தீர்மானித்துக்கொள்கிறது. வெப்பப் பாய் முறையின் அடிப்படை இதுதான். குறைந்த சூடுள்ள ஒரு பாயைக் குஞ்சின் முதுகு உயரத்தில் தாழ்வான பந்தல் போல் அமைத்துவிட்டால், அது தாய்க்கோழியின் வயிற்றுக்கு ஈடாகிவிடுகிறது. காற்றைச் சூடாக்கி வீணாக்காததால் மின்செலவும் குறைவு. 100 வாட் பல்பு ஒரு நாள் முழுதும் எரிந்தால் 2.4 யூனிட்; மூன்று வாரத்துக்கு 50 யூனிட். 30 வாட் பாய் இடைவிடாமல் ஓடினாலும் மூன்று வாரத்துக்கு 15 யூனிட்தான்.

எந்தப் பாயை வாங்குவது என்பதில் கவனம் வேண்டும். குஞ்சுகளுக்கென்றே செய்யப்பட்ட கால் வைத்த வெப்பத் தட்டு கிடைத்தால் அதுவே மேல். இல்லாவிட்டால் நாய், பூனை போன்ற பிராணிகளுக்காகவும் நாற்று முளைப்புக்காகவும் விற்கப்படும், நீர் புகாத, தொடர்ந்து ஓடக்கூடிய பாயை வாங்கலாம். மருந்துக் கடைகளில் முதுகுவலிக்கு ஹீட்டிங் பேட் என்று விற்கும் ஒத்தடப் பாய், ஆள் பக்கத்தில் இருக்கும்போது சிறிது நேரம் பயன்படுத்துவதற்காகச் செய்யப்பட்டது. ஒன்றிரண்டு மணி நேரத்தில் தானே அணைந்துவிடும் வகையும் அதில் உண்டு. இரவு 12 மணிக்கு அது அணைந்தால் விடியும்போது என்ன நேர்ந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதைவிட ஆபத்தானது, மின்சாரத்தில் செருகிச் சூடேற்றும் திரவம் நிரம்பிய ஒத்தடப் பை. அதைச் செருகியபடியே குஞ்சுகளிடம் வைக்கவே கூடாது, வெடித்துவிடக்கூடும். சூடேற்றிக் கழற்றியபின் மின்வெட்டு நேரத்துக்கு வேண்டுமானால் உதவும்.

அமைக்கும் விதம்

ஓரடி அகலமும் ஒன்றரை அடி நீளமும் உள்ள பாய் 216 சதுர அங்குலம். குஞ்சு ஒன்றுக்கு அடைகாப்பானின் கீழ் 7 சதுர அங்குலம் இடம் வேண்டும் என்ற கணக்கில் 30 குஞ்சுகள் வரை கொள்ளும். ஆனால் குஞ்சுகள் வளர்ந்துகொண்டே போகும் என்பதால் 20க்கு மேல் விடாமல் இருப்பது நல்லது. 50 குஞ்சுகள் என்றால் இரண்டு, மூன்று பாய்களைத் தனித்தனியே அமைக்க வேண்டும். இருநூறு, முந்நூறு என்று வளர்ப்போருக்கு இம்முறை ஒத்துவராது. அவர்களுக்குப் பெரிய அடைகாப்பானே ஏற்றது.

வெல்டு மெஷ் கம்பிவலையைப் பாயைவிடச் சற்றுப் பெரிதாக வெட்டி, மூங்கில் பிளாச்சுகளால் நான்கு கால் கொடுத்துத் தாழ்வான மேசைபோல் செய்துகொள்ள வேண்டும். பின்பக்கம் 3 அங்குலம், முன்பக்கம் 4 அங்குலம் உயரம் இருந்தால், பெரிய குஞ்சும் சிறிய குஞ்சும் தத்தமக்கேற்ற இடத்தில் முதுகைப் பாயில் உரசிக்கொண்டு படுக்கும். பாயை மெல்லிய துணி உறையில் போட்டு, வலையின் அடிப்புறத்தில் பட்டையாக உள்ள நாடாவால் கட்ட வேண்டும். பாயை மடிக்கவோ, ஊசி ஆணியால் குத்தவோ கூடாது. மேலே பழைய நூல் புடவை இரண்டு மடிப்புப் போதும். கதகதப்பாக இருக்கட்டும் என்று சாக்கும் வைக்கோலும் அடுக்கினால் சூடு உள்ளேயே தேங்கிப் பாய் கருகிவிடும். புடவையின் ஓரத்தில் பிரிந்து தொங்கும் நூல் குஞ்சின் காலிலும் கழுத்திலும் சுற்றிக்கொள்ளும். ஆகவே ஓரத்தை மடித்துத் தைத்துவிட வேண்டும்.

குஞ்சுகள் வருவதற்கு முந்தைய நாளே பாயை ஓடவிட்டுப் பார்ப்பது அவசியம். பாயின் அடிப்பரப்பில் வெப்பமானியை வைத்தால் 100 டிகிரியை ஒட்டிக் காட்ட வேண்டும்; 105ஐத் தாண்டினால் சூட்டைக் குறைக்க வேண்டும். மின் இணைப்புக்கு எர்த் இருக்க வேண்டும். கசிவு ஏற்பட்டால் தானே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் வழியாக எடுப்பது இன்னும் பாதுகாப்பு. டெல்டாவில் எலிக்குப் பஞ்சமில்லை. வயரைத் தரையில் ஓடவிடாமல் மேலிருந்து பி.வி.சி. குழாய் வழியாக இறக்க வேண்டும். எலியைத் தேடிப் பாம்பும் வரும் என்பதால் கொட்டகைச் சுவரில் அரை அங்குலக் கண்ணுள்ள வலை அடித்தல் நலம்.

தரையில் இரண்டு அங்குல உயரத்துக்குக் காய்ந்த உமி பரப்ப வேண்டும். மழையில் நனைந்து பூசணம் பிடித்த உமியும் வைக்கோலும் கூடவே கூடாது. அதிலிருந்து கிளம்பும் பூசண வித்து குஞ்சின் நுரையீரலைத் தாக்கிக் கொல்லும். எந்த வெப்பமும் அதைக் காப்பாற்றாது. முதல் மூன்று நாட்கள் உமியின் மேல் செய்தித்தாளை விரித்து, அதன் மேல் குருணையையோ குஞ்சுத் தீவனத்தையோ தூவலாம். வழவழப்பான தாளில் கால் சறுக்கிக் குஞ்சு முடமாகும் என்பதால் தாளைச் சற்றுக் கசக்கி விரிக்க வேண்டும். தண்ணீர்த் தட்டில் நாலைந்து கூழாங்கற்களைப் போட்டுவைத்தால் குஞ்சுகள் அதில் விழுந்து நனையா.

பல்பு முறையில் குஞ்சுகள் வெளிச்சத்தைத் தேடித் தாமே கூடும். பாயின் அடியிலோ இருட்டு; கூப்பிடத் தாயும் இல்லை. எனவே வந்த உடனே ஒவ்வொரு குஞ்சின் அலகையும் தண்ணீரில் ஒருமுறை நனைத்து, பாயின் அடியில் தள்ளிவிட வேண்டும். முதல் நாள் மணிக்கொரு தடவை இப்படிச் செய்தால் மறுநாள் தாமே பழகிவிடும். தீவனமும் தண்ணீரும் பாயிலிருந்து ஓரடிக்குள் இருக்கட்டும். தீவனம் தெரிவதற்கு முதல் மூன்று நாட்கள் மட்டும் சிறிய எல்.இ.டி. விளக்கு ஒன்றை எரியவிடலாம். அதன்பின் இரவில் இருட்டே நல்லது. காற்று நேராக அடிக்கும் பக்கத்தில் சாக்குப்படுதா கட்டுவதும் தவிர்க்க முடியாதது. பாய் காற்றைச் சூடாக்காது என்பதால், ஈரக்காற்று வீசும் கொட்டகையில் தீவனம் தின்ன வெளியே வரும் குஞ்சு விறைத்துப்போகும். இதுவே இம்முறையின் பெரிய குறை.

வெப்பமானியைவிடக் குஞ்சுகளே சரியான கணக்குச் சொல்லும். பாயின் அடியில் பரவலாகப் படுத்து, சில குஞ்சுகள் தலையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் சூடு சரியாக உள்ளது. எல்லாம் நடுவில் நெருக்கியடித்துக் கீச்சுக் கீச்சென்று ஓயாமல் கத்தினால் சூடு போதவில்லை. பாயை அரை அங்குலம் தாழ்த்த வேண்டும். வெளியே வந்து வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். ஒரே மூலையில் ஒதுங்கினால் எதிர்மூலையிலிருந்து காற்று வருகிறது என்று பொருள்.

மின்சாரம் நின்றால்

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது, டெல்டாவில் மின்கம்பங்கள் கூட்டம் கூட்டமாகச் சாய்ந்தன. பல கிராமங்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆயிற்று. அதுவும் ஐப்பசி கடைசி, குஞ்சு வளர்க்கும் பருவம்தான். பல்பானாலும் பாயானாலும் அத்தகைய நாளில் பயனில்லை. ஆனால் பாய்க்காக அமைத்த தாழ்வான பந்தல் அப்போதும் கைகொடுக்கும். 5 லிட்டர் கொள்ளும், மூடி இறுக்கமான எவர்சில்வர் பாத்திரத்தில் வெந்நீர் ஊற்றி, சாக்கில் சுற்றிப் பந்தலின் நடுவில் வைத்துப் புடவையை நாற்புறமும் இறக்கிவிட்டால் போதும். மூச்சுக்கு ஒரு பக்கம் மட்டும் சிறிது திறந்திருக்கட்டும். அந்த 5 லிட்டர் நீர் 140 டிகிரியிலிருந்து 104 டிகிரிக்கு ஆறுவதற்குள் வெளிவிடும் வெப்பம், 30 வாட் பாய் ஏறக்குறைய 4 மணி நேரம் தரும் வெப்பத்துக்குச் சமம். நான்கு மணிக்கொரு முறை நீரை மாற்ற ஓர் ஆள் எழுந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். மூடிய கொட்டகைக்குள் கரிச்சட்டி வைப்பது மட்டும் வேண்டாம். அதன் நச்சுப் புகை குஞ்சையும் ஆளையும் சேர்த்துக் கொல்லும். சிறு மின்வெட்டுகளுக்கு, வீட்டில் இன்வெர்ட்டர் உள்ளவர்கள் பாயை அதில் இணைக்கலாம். அது இழுக்கும் மின்சாரம் ஒரு சாதாரண மின்விசிறி எடுப்பதைவிடக் குறைவு.

ஏழாம் நாள் வெள்ளைக்கழிச்சலுக்கான சொட்டு மருந்தைக் கண்ணில் விட்டபின் குஞ்சுகள் சற்றுச் சோர்ந்திருக்கும். அன்றிரவு சூட்டைக் குறைக்கக் கூடாது. வாரம் ஓர் அங்குலம் வீதம் பந்தலை உயர்த்திக்கொண்டே வந்தால், மூன்றாம் வாரக் கடைசியில் குஞ்சுகள் பாயின் அடியில் படுப்பதைவிட மேலே ஏறி உட்காருவதையே விரும்பும். அப்போது பகலில் நிறுத்திவிட்டு இரவில் மட்டும் ஓடவிட வேண்டும். மார்கழிப் பனி கடுமையாக இருந்தால் மேலும் நாலைந்து நாள் நீட்டிக்கலாம். வேலை முடிந்ததும் உறையைத் துவைத்து, பாயை ஈரத்துணியால் துடைத்து நிழலில் உலர்த்தி, மடிக்காமல் தளர்வாகச் சுருட்டி, எலி புகாத தகர டப்பாவில் வைத்தால் அடுத்த ஐப்பசிக்கும் அதே பாய் உதவும். மறுபடி ஓடவிடும் முன் வயரில் பல்தடம், வெடிப்பு ஏதும் உள்ளதா என்று பகல் வெளிச்சத்தில் பார்த்துவிட வேண்டும்.