ஐந்து சென்ட் காய்கறித் தோட்டமும் உழவர் சந்தையும்

திருப்பூர் மாநகராட்சிக்குள் அடங்கிவிட்ட மண்ணரை, நொய்யல் கரையில் அமைந்த ஊர். பனியன் கம்பெனிகளும் குடியிருப்புகளும் பெருகிய இப்பகுதியில் காய்கறி வாங்குவோருக்குப் பஞ்சமில்லை. ஆயினும் கிணறும் நிலமும் உள்ள சிறு விவசாயியே வீட்டுக் குழம்புக்குக் கடையில் காய் வாங்கும் நிலையைக் காண்கிறோம். இதில் அவருக்கு இரட்டை நட்டம். தன் விளைச்சலை மொத்த விலைக்கு விற்கிறார். பிறர் விளைச்சலைச் சில்லறை விலைக்கு வாங்குகிறார். ரிசர்வ் வங்கி 2024-ல் வெளியிட்ட ஆய்வுத்தாளின்படி, தக்காளிக்காக நுகர்வோர் கொடுக்கும் ஒரு ரூபாயில் விவசாயிக்குச் சேருவது ஏறக்குறைய 33 காசுதான். இந்த நட்டத்தைக் குறைக்க வீட்டுத் தோட்டமும் உழவர் சந்தையும் உதவும்.

முதலில் தண்ணீர்

திருப்பூர் வட்டாரத்தில் தோட்டம் போடுமுன் கிணற்று நீரைப் பரிசோதிப்பது அவசியம். துணிக்குச் சாயம் ஏற்றும்போது சோடியம் குளோரைடு, சோடியம் சல்பேட் உப்புகள் சேர்க்கப்படுகின்றன. முன்பு ஆற்றில் கலந்த சாயக் கழிவால் இந்த உப்புகள் நிலத்தடி நீரிலும் சேர்ந்தன. உப்பு, வடிகட்டினாலும் கொதிக்க வைத்தாலும் போகாது.

மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, அதே நீரால் கழுவிய பாட்டிலில் அரை லிட்டர் பிடித்து, மண் பரிசோதனை நிலையத்தில் கொடுக்கவும். ஈ.சி. எனப்படும் உப்பு அளவு 0.7-க்குக் கீழ் இருந்தால் எல்லாக் காய்கறிகளும் போடலாம். 0.7 முதல் 3 வரை இருந்தால் பயிரைத் தேர்ந்தெடுத்துப் பயிரிட வேண்டும். பீன்ஸ், கேரட், வெங்காயம் ஆகியவை உப்பைத் தாங்கா. பீட்ரூட் ஓரளவு தாங்கும். 3-க்கு மேல் போனால் அந்நீரைக் காய்கறிக்குப் பாய்ச்சாமல் இருப்பதே நலம். சாயக் கழிவு கலப்பதாகச் சந்தேகம் உள்ள நீரை, ஈ.சி. குறைவாக இருந்தாலும் கீரைக்கு விடக்கூடாது.

மண்ணில் உப்புப் பூத்தால் உடனே ஜிப்சம் வாங்கிப் போடுவோர் உண்டு. சோடியம் மிகுந்த களர் நிலத்துக்கே ஜிப்சம் பயன் தரும். உவர் நிலத்தில் நல்ல நீரைத் தேக்கி வடித்தால்தான் உப்பு இறங்கும்.

நல்ல நீர் இல்லாதவர்கள் மழை நீரைச் சேமிக்கலாம். 600 சதுர அடிக் கூரையில் 10 மில்லி மீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 550 லிட்டர் கிடைக்கும்.

ஐந்து சென்டில் என்ன போடலாம்?

ஒருவருக்கு நாளொன்றுக்கு 300 கிராமுக்குக் குறையாமல் காய், கீரை வேண்டும். ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு இது ஆண்டுக்கு 540 கிலோவுக்கு மேல் ஆகிறது. ஐந்து சென்ட் நிலத்தைச் சீராகப் பயன்படுத்தினால் இத்தேவையின் பெரும்பகுதியை ஈடுகட்டலாம்.

ஐந்து சென்டுக்கு அரை டன் மக்கிய தொழு உரம் இட்டுக் கொத்திப் பாத்தி பிடிக்கவும். முருங்கை, பப்பாளி, கறிவேப்பிலையை வடக்கு ஓரத்தில் நட்டால் பாத்திகளில் நிழல் விழாது. பி.கே.எம். 1 செடி முருங்கை ஆறு மாதத்தில் காய்ப்புக்கு வரும். புடலை, பாகல், பீர்க்கு, அவரையை வேலியிலும் பந்தலிலும் ஏற்றலாம். ஒரு மூலையில் இரண்டு குப்பைக் குழிகள் இருக்கட்டும். ஒன்று மக்கும்போது மற்றொன்றை நிரப்பலாம்.

ஆடியிலும் தையிலும் கத்தரி, தக்காளி, மிளகாய் நாற்று விடலாம். வெண்டையை நேராக விதைக்கலாம். 45 நாளில் காய் பறிக்கலாம். கீரையை ஒரே நாளில் முழுப் பாத்தியிலும் விதைக்காமல், 15 நாளுக்கு ஒருமுறை சிறு சிறு பாத்தியாக விதைத்தால் ஆண்டு முழுவதும் பறிக்கலாம். கத்தரி போட்ட பாத்தியில் அடுத்து தக்காளியோ மிளகாயோ போடாமல் கொத்தவரை அல்லது கீரை போடவும்.

கத்தரியில் வாடிய நுனித் தண்டைக் கண்டால் கிள்ளி அழிக்கவும். உள்ளே துளைப்பான் புழு இருக்கும். சாறு உறிஞ்சும் பூச்சிகளுக்கு, 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, ஒரு லிட்டர் நீரில் இரவு ஊற வைத்து, வடிகட்டி, சிறிது காதி சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளிக்கவும்.

மிச்சத்தை எங்கே விற்பது?

வீட்டுக்குப் போக மிஞ்சுவதையும், தோட்டத்தில் பெரிதாகச் செய்யும் காய்கறியையும் உழவர் சந்தைக்குக் கொண்டு செல்லலாம். 14-11-1999-ல் மதுரையில் முதல் சந்தை தொடங்கியது. திருப்பூரில் தெற்கு, வடக்கு என இரண்டு சந்தைகள் உள்ளன. கமிஷன் இல்லை, கடை வாடகை இல்லை. மொத்த விலைக்கு மேலும் சில்லறை விலைக்குக் கீழுமாக அன்றாடம் விலை வைக்கப்படுவதால் விற்பவர், வாங்குபவர் இருவருக்கும் லாபம். நில ஆவணங்களுடன் சந்தை நிர்வாக அலுவலரை அணுகி அடையாள அட்டை பெறலாம்.

விலையும் ஒரு போராட்டமே

இவ்வட்டார விவசாயிக்கு எதுவும் தானாகக் கிடைத்ததில்லை. மின் கட்டண உயர்வை எதிர்த்த போராட்டத்தில் 1970-ல் பக்கத்துப் பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் பலியாயின. நொய்யல் பாசன விவசாயிகள் நீதிமன்றம் சென்றதன் பயனாக, கழிவை வெளியேற்றிய சாயப் பட்டறைகளை மூடும்படி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. மின்சாரத்துக்கும் தண்ணீருக்கும் நடந்ததைப் போன்ற முயற்சி காய்கறி விலைக்கும் தேவை. மத்திய அரசின் குறைந்தபட்ச ஆதரவு விலைப் பட்டியலில் நெல், பருத்தி உண்டு. தக்காளி, கத்தரி இல்லை. கேரள அரசு 2020-ல் பதினாறு காய், கிழங்கு, பழ வகைகளுக்கு அடிப்படை விலை அறிவித்தது. நாமும் சங்கங்கள் வழியே இதைக் கேட்கலாம்.

உழவர் சந்தையும் அரசியலுக்கு விலக்கல்ல. 2001 ஆட்சி மாற்றத்துக்குப் பின் பல சந்தைகள் களையிழந்தன. 2006-க்குப் பின் மீண்டும் உயிர் பெற்றன. காய் கொண்டு வரும் விவசாயியும், பையுடன் வரும் வாடிக்கையாளரும் நாள் தவறாமல் கூடும் சந்தையை எந்த ஆட்சியும் எளிதில் மூட முடியாது. எனவே விவசாயப் பெருமக்கள், தாங்கள் விளைவிக்காத காயையும் அங்கேயே, இன்னொரு விவசாயியிடம் வாங்குவது நல்லது. அந்தப் பணம் அப்படியே விளைவித்தவர் கைக்குப் போய்ச் சேரும்.