சிலந்திக்கு ஒரு பதிவேடு

மாணவர்களே! காவாந்தண்டலத்தில் செய்யாற்றங்கரை மரங்களிலும் வயல் வரப்புகளிலும் எத்தனை வகைச் சிலந்திகள் வாழ்கின்றன என்று எண்ணிப் பார்த்ததுண்டா? 'சிலந்திதானே' என்று துடைப்பத்தால் தட்டிவிடுகிறோம். எட்டுக் கால்களையுடைய இவ்வுயிர் பூச்சியன்று. பயிருண்ணும் பூச்சிகளைத் தின்று உழவருக்குத் துணைபுரிவதாகும்.

உலகில் 50,000க்கு மேற்பட்ட சிலந்தி இனங்கள் இதுவரை பதிவு பெற்றுள்ளன. ஆராயப்படாத இடங்களில் இன்னும் பல இனங்கள் பெயரின்றி மறைந்து வாழ்கின்றன. இராமேசுவரத்துப் புளியமரப் பொந்துகளில் வாழும் ஒரு பெருஞ்சிலந்தி 2004ஆம் ஆண்டில்தான் அறிவியற் பெயர் பெற்றது. அங்குள்ள அனுமவிலாசக் கோயிலின் பெயரையே அதற்குச் சூட்டினர். தோப்புகள் குறைந்து வந்தமையால், 2008இல் அது அற்றுப்போகும் நிலையிலுள்ள உயிர்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. பின்னர்க் கடலுக்கு அப்பால், இலங்கையின் மன்னாரிலும் அது காணப்பட்டது. பெயர் பெற்றிராவிடில், அது அழிவதையும் எவரும் அறிந்திரார்.

பதிவு செய்வோர் முதலில் இடம், நாள், மரம், வலையின் வடிவம் ஆகியவற்றைக் குறித்துப் படம் எடுப்பர். பின்பு உறுப்புகளை உருப்பெருக்கியால் ஆராய்ந்து இனம் காண்பர். முதற்பணியை நீங்களும் செய்யலாம். குறிப்பேடும் பொறுமையும் போதும். சிலந்தியைத் தொட வேண்டா. பொந்துள்ள முதுமரத்தை வெட்டவும் வேண்டா. அறிந்ததையே நாம் காக்க இயலும் அன்றோ?