நாளுக்கு ஒரு சொல்

ரப்பர் மரம் பிரேசில் நாட்டிற்குரியது. அதன் கன்றுகள் 1877ஆம் ஆண்டில் சிங்கப்பூருக்கும் மலாயாவுக்கும் வந்து சேர்ந்தன. அப்புதிய மரத்திற்குத் தமிழில் பெயரில்லை. தோட்ட வேலைக்கு வந்த நம் முன்னோர், பட்டையைக் கீறியதும் பால் வடிவதைக் கண்டனர், 'பால்மரம்' என்றனர். மங்கில் உறைந்ததைக் 'கட்டிப்பால்' என்றனர். வெட்டிய கோட்டில் காய்ந்து ஒட்டியிருந்ததைக் 'கோட்டுப்பால்' என்றனர். 1917ஆம் ஆண்டில் கோலசிலாங்கூர்த் தென்னமரம் தோட்டத்தில் வணிக முறையில் எண்ணெய்ப்பனை பயிரிடத் தொடங்கினர். சிவந்த பழக்குலை தரும் அம்மரம் நம் நாட்டுத் தமிழில் 'செம்பனை' ஆயிற்று.

இச்சொற்களை வழங்கியவருள் பலர் பள்ளி வாயிலை மிதிக்காதவர். அவர்கள் கையில் அகராதி இல்லை. கண்ணால் கண்டதைத் தமக்குத் தெரிந்த எளிய சொற்களால் கூறினர். அதுவே சொல்லாக்கம்.

இன்று நம் செலாயாங் வட்டாரத்தில் தோட்டங்கள் இருந்த இடங்களில் தாமான்கள் எழுந்துள்ளன. மங்கு எத்தகையது என்பதைப் பிள்ளைகள் பலர் அறியார். பாட்டி பேசும் சொல்லின் பொருளைப் பேரப்பிள்ளை கேளாதிருந்தால், அச்சொல் பாட்டியுடனேயே மறைந்துவிடும். அதனைக் காப்பது நம் கடமையன்றோ?

ஆகவே, நாளுக்கு ஒரு சொல் கற்போம். வீட்டுப் பெரியவரிடம் ஒரு சொல்லைக் கேட்போம். அதன் பொருளைக் குறிப்பேட்டில் எழுதுவோம். அச்சொல்லை வைத்து ஒரு வாக்கியம் அமைத்து, அன்றே ஒருவரிடம் பேசுவோம். ஓராண்டில் 365 சொற்கள். ஆறாண்டுத் தொடக்கக் கல்வி முடிவதற்குள் 2,190 சொற்கள்! சிறுதுளி பெருவெள்ளம் அன்றோ?

தேடியும் சொல் கிடைக்கவில்லையெனில் என்ன செய்வது? இதற்கு யாழ்ப்பாணத்தில் ஒருவர் வழிகாட்டினார். அமெரிக்க மருத்துவரான சாமுவேல் கிறீன் 1847ஆம் ஆண்டில் அங்கு வந்தார். மானிப்பாயில் தமிழ் மாணவர்க்குத் தமிழிலேயே மேலை மருத்துவம் கற்பித்தார். மருத்துவ நூல்களையும் தமிழாக்கினார். ஒரு கலைச்சொல் வேண்டுமெனில் முதலில் தமிழில் தேடுவார். அங்கில்லையெனில் வடமொழியில் தேடுவார். எங்கும் கிடைக்காதபோதே ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதுவார். பிறமொழியாளர் ஒருவரே இத்துணை முயன்றாரெனில், நாம் முயலாதிருக்கலாமா?

புதுச்சொல் படைக்க மூன்றை நினைவிற் கொள்வோம். அப்பொருளின் தோற்றத்தையோ பயனையோ சொல் காட்ட வேண்டும். நாவில் எளிதில் வர வேண்டும். கேட்பவர்க்கு விளங்க வேண்டும். மிதித்து ஓட்டுவது மிதிவண்டி. தொலைவிலுள்ளவரோடு பேச உதவுவது தொலைபேசி. இவற்றில் இம்மூன்றும் பொருந்தியிருப்பதைக் காண்க.

பெற்றோர்களே! பால்வெட்டிலும் செம்பனைக் காட்டிலும் நீங்கள் வழங்கிய சொற்களைத் தாழ்வாக எண்ணற்க. அவை உங்கள் உழைப்பில் விளைந்த தமிழ்ச் செல்வம். பிள்ளைகள் கேட்கும்போது மனமுவந்து கூறுங்கள்.

பயிற்சி:
1. தோட்டத்தில் வழங்கிய ஐந்து சொற்களைப் பெரியவரிடம் கேட்டுப் பொருளுடன் எழுதுக.
2. உன் வீட்டிலுள்ள ஒரு கருவிக்குத் தமிழ்ப்பெயர் அமைக்க. பெயரை மட்டும் கூறி, தோழர்க்குப் பொருள் விளங்குகிறதா எனக் காண்க.

இன்றைய சொல்லை இன்றே கற்போம்!