பதினான்காம் நம்பர் சீட்டு

2005 தீபாவளிக்கு நான்கு நாள் முன்பு, ராத்திரி ஒன்பதரைக்குக் கோயம்பேட்டிலிருந்து போன். "தம்பி, உங்க கம்ப்யூட்டர் ஒரே சீட்டை ரெண்டு பேருக்கு வித்திருக்கு. ஒருத்தர் திண்டுக்கல், இன்னொருத்தர் தேனி. ரெண்டு பேர் கையிலயும் பதினாலு. வண்டி கிளம்பணும், என்ன பண்ணச் சொல்றீங்க?"

நண்பனின் அப்பா நடத்திய ஆம்னி பஸ் அலுவலகம் அது. கீழே கவுன்டர், மாடியில் போன் புக்கிங். அதுவரை ஒரு வண்டிக்கு ஒரு சார்ட், ஒரு பேனா என்று ஓடியது. மாடியில் இருப்பவர் "பதினாலு இருக்கா?" என்று கத்துவார். கீழே இருப்பவர் "போட்டாச்சு" என்பார். இருபது வருஷமாக அதில் ஒரு சீட்டு கூட இரண்டு தடவை விற்றதில்லை. நான் போய் இரண்டு கணினி வைத்து, வலைச் செயலி ஒன்றை எழுதிக் கொடுத்தேன். கத்தல் நின்றது. பதினான்காம் நம்பரும் இரண்டு பேருக்குப் போனது.

இத்தனைக்கும் என் மேஜையில் அந்தப் பிரச்சினையைப் பற்றியே எழுதிய புத்தகம் ஒன்று ஏழு மாதமாகக் கிடந்தது. ராட் ஜான்சன் எழுதி 2002இல் வெளிவந்த 'எக்ஸ்பர்ட் ஒன்-ஆன்-ஒன் ஜே2இஇ டிசைன் அண்ட் டெவலப்மென்ட்'. எழுநூறு பக்கத்துக்கு மேல். திருவல்லிக்கேணி பைகிராப்ட்ஸ் ரோடு பிளாட்பாரத்தில் பேரம் பேசி நூற்றைம்பது ரூபாய்க்கு வாங்கியது. புத்தகம் முழுக்க வரும் உதாரணச் செயலி என்ன தெரியுமா? கலையரங்கு ஒன்றுக்கு இணையத்தில் சீட்டு முன்பதிவு செய்வது. எனக்கு வேண்டிய சமாச்சாரம் அத்தனையும் அதில் இருந்தது. நான் படித்த விதம்தான் சரியில்லை.

அப்போது நான் ஒரு சின்ன கம்பெனியில் ஜூனியர். அங்கே ஈஜேபி என்டிட்டி பீன் வைத்து எழுதிய பழைய செயலியைப் பராமரிக்கும் வேலை. ஒரு டேபிளைத் தொட ஹோம் இன்டர்ஃபேஸ், ரிமோட் இன்டர்ஃபேஸ், பீன் கிளாஸ், அதன் பிறகு எக்ஸ்எம்எல் கோப்பில் ஒரு பத்தி. ஏன் என்று கேட்டால், "அப்படித்தான் எழுதணும்" என்பார்கள். கேள்வி கேட்க முடியாததால் புத்தகம் வாங்கினேன். வாங்கியதும் பரீட்சைக்குப் படிப்பதுபோல முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்து, ஸ்கேல் வைத்து அடிக்கோடு போட்டு, தினம் பத்துப் பக்கம். இருநூறாவது பக்கம் வரும்போது முதல் நூறு மறந்திருந்தது. இன்றைக்கும் புதிதாக வருபவர்கள் இப்படித்தான் படிக்கிறார்கள். பக்கத்தில் நின்று பார்க்கப் பாவமாக இருக்கும்.

அந்தப் பதினான்காம் நம்பருக்குப் பிறகுதான் புத்தகத்தைப் பின்னாலிருந்து திறந்தேன், சொல்லடைவிலிருந்து. 'ஒரே சீட்டு ரெண்டு பேருக்கு' என்று எந்தச் சொல்லடைவிலும் இருக்காது. 'கன்கரன்ஸி' என்றும் 'லாக்கிங்' என்றும் இருக்கும். என் தொந்தரவுக்குப் பெயர் தெரியாததால்தான், விடை இருந்த பக்கத்தைத் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறேன். அன்றிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்துக்கொண்டேன். இடது பக்கம் என் தொந்தரவு, எனக்கு வந்த வார்த்தையில். வலது பக்கம் புத்தகம் அதற்கு வைத்திருக்கும் பெயர். 'பாதி பதிவாகிப் பாதி நின்னுடுச்சு' என்பதற்கு எதிரே அட்டாமிசிட்டி. 'நான் மாத்தினதை இன்னொருத்தர் அழிச்சுட்டார்' என்பதற்கு எதிரே லாஸ்ட் அப்டேட். இடது பக்கத்தில் ஒரு வரி விழுந்த பிறகுதான் புத்தகத்தை எடுப்பது என்று வைத்துக்கொண்டேன். படித்தது மனத்தில் நிற்க ஆரம்பித்தது அப்போதுதான்.

பதினான்காம் நம்பருக்கு வருகிறேன். என் புரோகிராம் சார்ட்டைத் திரையில் காட்டும்போது சீட்டு காலியா என்று பார்த்தது. கவுன்டரில் இருப்பவர் பெயர், போன் நம்பர், எங்கே ஏறுகிறார் என்றெல்லாம் கேட்டுத் தட்டச்சு செய்ய இரண்டு நிமிஷம் ஆகும். அதற்குள் மாடியில் இருப்பவர் அதே காலிச் சீட்டைப் பார்த்து விற்றுவிடலாம். விற்றுவிட்டார். கண்டுபிடித்ததும், பதிவு செய்வதற்குச் சற்று முன்னால் இன்னொரு தடவை 'காலியா?' என்று பார்க்கும் வரியைச் சேர்த்தேன். சீனியர் ஒருவர் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ரெண்டு நிமிஷ ஓட்டையை ரெண்டு மில்லிசெகண்ட் ஓட்டையா ஆக்கியிருக்க. ஓட்டை அடைபடலையே."

பார்ப்பதும் பதிவதும் இரண்டு வேலையாக இருக்கும் வரை, நடுவே இன்னொருவர் நுழைய இடம் உண்டு. புத்தகத்தில் அதற்கு டேட்டாபேஸிலேயே அந்த வரிசையைப் பூட்டிவிட்டுப் பார்க்கும் வழி இருந்தது. அதைச் செய்தேன். அதோடு வண்டி, தேதி, சீட்டு நம்பர் மூன்றையும் சேர்த்து டேபிளில் யுனிக் இன்டெக்ஸ் ஒன்றும் போட்டேன். என் ஜாவா கோடு எவ்வளவு அசட்டுத்தனம் செய்தாலும் இரண்டாவது பதினான்கை டேபிள் வாங்காது. மாடியிலிருந்து கத்தினாரே, அந்தக் கத்தல் செய்த வேலை இதுதான். ஒரு சார்ட், ஒரு பேனா என்பதே ஒரு பூட்டு. நான் பேனாவை இரண்டாக்கினேன், பூட்டு வைக்கவில்லை. 'என்டர்பிரைஸ்' என்றால் பெரிய கம்பெனி, பெரிய சர்வர் என்று நினைத்திருந்தேன். இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஒரே பட்டனை அழுத்துகிற எந்த இடமும் என்டர்பிரைஸ்தான், அது இரண்டு கணினி உள்ள பஸ் ஆபீஸானாலும்.

புத்தகச் செயலியில் பணம் கட்டும் வரை சீட்டைப் பிடித்து வைப்பது உண்டு. எத்தனை நேரம் என்று மாமாவிடம் கேட்டேன், நண்பனின் அப்பா எனக்கு மாமாதான். "தெரிஞ்ச ஆளுன்னா சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும். தெரியாத ஆளுன்னா எதுக்குப் பிடிக்கணும்?" என்றார். அந்த 'தெரிஞ்ச ஆள்' என்பதை டேபிளில் எப்படி வைப்பது என்று யோசித்தே ஒரு வாரம் போனது. புத்தகத்தில் அதற்குப் பக்கம் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து போன் வருவதைக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

அடுத்தது ரோல்பேக். பயணி விவரம் ஒரு டேபிள், கட்டிய பணம் ஒரு டேபிள். இரண்டாவதில் தவறினால் முதலாவதும் ரத்தாக வேண்டும். புத்தகத்தைப் பார்த்து எழுதினேன், என் கணினியில் கச்சிதமாக ஓடியது. கோயம்பேட்டில் பணம் இல்லாத பயணிகள் சேர்ந்துகொண்டே போனார்கள். மூன்று ராத்திரி தூக்கம் போனது. காரணம் ஜாவாவில் இல்லவே இல்லை. அங்கே லினக்ஸில் இருந்த மைஎஸ்க்யூஎல், டேபிள்களை மைஐசாம் வகையில் உருவாக்கியிருந்தது. அந்த வகைக்கு ட்ரான்ஸாக்ஷன் என்றாலே என்னவென்று தெரியாது. ரோல்பேக் சொன்னால் சண்டை போடாமல் தலையாட்டிவிட்டுச் சும்மா இருக்கும். என் விண்டோஸ் கணினியில் நிறுவும்போதே இன்னோடிபி என்று அமைந்திருந்தது. இன்னோடிபியே இயல்பு வகை என்று மைஎஸ்க்யூஎல் மாறியது 2010இல் வந்த 5.5இல்தான். புத்தகம் ஒரு டேட்டாபேஸை மனத்தில் வைத்து எழுதப்பட்டிருக்கும், நம்மிடம் வேறொன்று இருக்கும். ஆகவே உதாரணத்தை ஓட வைத்ததோடு திருப்தி அடையக் கூடாது, அதை உடைத்துப் பார்க்க வேண்டும். நான் இன்றைக்கும் இரண்டு இன்ஸர்ட்டுக்கு நடுவே வேண்டுமென்றே ஒரு எக்ஸப்ஷனைப் போட்டு, டேபிளைப் போய் என் கண்ணால் பார்ப்பேன். முடிந்தால் சர்வரின் பிளக்கையே பிடுங்குவேன். கோயம்பேட்டில் அதற்கு அவசியமே இருக்கவில்லை, மின்வாரியம் பார்த்துக்கொண்டது.

டேபிளை மாற்றிய பிறகும் ஒரு இடத்தில் ரோல்பேக் ஆகவில்லை. அதற்குள், அந்தப் புத்தகத்தின் கோடிலிருந்தே வளர்ந்த ஸ்பிரிங்குக்கு மாறியிருந்தேன். ஸ்பிரிங் இயல்பாக ரன்டைம் எக்ஸப்ஷனுக்கு மட்டும்தான் ரோல்பேக் செய்யும், செக்டு எக்ஸப்ஷன் என்றால் கமிட் செய்துவிடும். நான் எழுதியிருந்தது செக்டு. செக்டு எக்ஸப்ஷனை அளவுக்கு மீறிப் பயன்படுத்துகிறோம் என்று ராட் ஜான்சன் வாதாடும் பகுதியைச் 'சித்தாந்தச் சண்டை' என்று தாண்டிப் போயிருந்தேன். ஆசிரியர் தன் கருத்தைச் சொல்லிச் சண்டை போடும் பக்கங்களைத் தாண்டாதீர்கள். கோடு எங்கும் கிடைக்கும், அவர் எங்கே அடிபட்டார் என்பது அங்கேதான் இருக்கும்.

காலையில் முதல் டிக்கெட்டுக்கு மட்டும் எரர், இரண்டாவது தடவை அழுத்தினால் சரி. இதுவும் என் நோட்டின் இடது பக்கத்தில் ஒரு மாதம் தனியாகக் கிடந்தது. ஆபீஸ் ராத்திரி பதினொன்றரைக்கு மூடும், காலை எட்டுக்குத் திறக்கும். எட்டரை மணி நேரம். மைஎஸ்க்யூஎல் சும்மா கிடக்கும் கனெக்ஷனை 28,800 விநாடியில், அதாவது சரியாக எட்டு மணி நேரத்தில், வெட்டிவிடும். கனெக்ஷன்களைத் திறந்து தயாராக வைத்திருக்கும் பூல், அது தெரியாமல் செத்த கனெக்ஷனை எடுத்து முதல் ஆளிடம் கொடுக்கும். கொடுக்கும் முன் உயிர் இருக்கிறதா என்று பூலைப் பார்க்கச் சொல்ல ஒரு வரி போதும். அந்த ஒரு வரியை எரர் செய்தியின் அடியிலிருந்துதான் பிடித்தேன். ஜாவா கக்கும் அறுபது வரி எரரை எல்லோரும் மேலிருந்து படித்து மிரள்கிறார்கள். கீழே போய்க் கடைசி 'காஸ்டு பை' எங்கே இருக்கிறதென்று பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

தமிழில் ஊர்ப் பெயர் அடித்தால் கேள்விக்குறியாக வந்ததும், பிரவுசர், டாம்கேட், கனெக்ஷன், டேபிள் என்று நான்கு இடத்திலும் யூடிஎஃப்-8 சொன்ன பிறகு சரியானதும் தனிக்கதை. ஆங்கிலத்தில் எழுதுகிறவருக்கு அந்த அத்தியாயம் தேவைப்பட்டிருக்காது.

சிடியிலோ தளத்திலோ உள்ள கோடை அப்படியே இறக்கி ஓட்டினால் ஒன்றும் ஒட்டாது, கையால் அடிக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் சொல்கிறேன், ஒரு திருத்தத்தோடு. உதாரணத்தை அப்படியே அடிக்காமல் உங்கள் ஊர்ச் சமாச்சாரமாக மாற்றி அடியுங்கள். கலையரங்கை ஆம்னி பஸ் ஆக்கியபோது எனக்குத் தட்டியதெல்லாம் அந்த மாற்றத்தில்தான் தட்டியது. அரங்கத்தில் உட்கார்ந்தவர் நாடகம் முடியும் வரை எழுந்திருக்க மாட்டார். பஸ்ஸில் ஒருவர் விழுப்புரத்தில் இறங்க, அதே சீட்டில் இன்னொருவர் ஏறுவார். என் யுனிக் இன்டெக்ஸ் அங்கே வாயைப் பிளந்தது.

அந்தப் புத்தகத்தின் பின்கதை எனக்கு இன்னும் பிடிக்கும். ராட் ஜான்சன் முனைவர் பட்டம் வாங்கியது இசையியலில். புத்தகத்துக்காக அவர் எழுதிய கோடு சுமார் 30,000 வரி. படித்த வாசகர்களில் யூர்கன் ஹோலரும் யான் கரோஃபும் இதைத் திறமூலத் திட்டமாக்கலாம் என்று அவரை நெருக்கினார்கள். 'ஸ்பிரிங்' என்ற பெயரே கரோஃப் வைத்தது. 1.0 வந்தது 2004 மார்ச்சில். புத்தகத்தைப் படிப்பது என்றால் அப்படிப் படிக்க வேண்டும். நான் அதே புத்தகத்தில் அடிக்கோடுதான் போட்டேன்.

இன்றைக்கு அதில் பாதி செல்லாது. 2006இல் வந்த ஈஜேபி 3.0, அவர் திட்டியதில் பலவற்றைத் தானே கழற்றிப் போட்டது. 2014இல் ஸ்பிரிங் பூட் வந்த பிறகு எக்ஸ்எம்எல் மலைகள் கரைந்தன. ஜாவா இஇ எக்லிப்ஸ் ஃபவுண்டேஷனுக்குப் போய் ஜகார்த்தா என்று பெயர் மாறியதில், பழைய புத்தகத்தில் 'ஜாவாக்ஸ்' என்று தொடங்கும் பல வரிகள் டாம்கேட் 10இல் ஓடாது. பழைய புத்தகத்தை எடுக்கும்போது முதலில் வெளிவந்த வருஷத்தைப் பாருங்கள். இம்போர்ட் வரிகள், எக்ஸ்எம்எல், நிறுவும் முறை எல்லாம் அந்த வருஷத்துக் காய்கறி. பூட்டு, ட்ரான்ஸாக்ஷன், கனெக்ஷன் எப்போது திறந்து எப்போது மூடுவது என்பதெல்லாம் ஊறுகாய்.

போன மாதம் என் டீமில் சேர்ந்த பையன் ஒருவன் மேஜையில் அந்தப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, "இதுல எந்தப் பக்கம் இன்னும் செல்லும்ணா?" என்றான். அவன் கேட்டால் கோடு எழுதிக் கொடுக்க இப்போது ஏஐ இருக்கிறது. சீட்டு முன்பதிவு ஒன்றை எழுதச் சொல்லி அதை வாங்கியும் வைத்திருந்தான். பார்க்க அழகாக இருந்தது, நான் எழுதியதைவிட. பக்க நம்பர் எதுவும் சொல்லவில்லை. இரண்டு பிரவுசர் ஜன்னலைத் திறந்து, பக்கத்து ஆளையும் உட்கார வைத்து, ஒரே சீட்டை ஒரே நேரத்தில் அழுத்திப் பார்க்கச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

திரும்பி வரும்போது வாசலிலேயே நின்றான். "ரெண்டு ஜன்னல்லயும் டிக்கெட் வந்துடுச்சுண்ணா." முகமெல்லாம் சிரிப்பு. புத்தகம் அவன் கையில் இருந்தது, பின்பக்கம் திறந்தபடி.